எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்

ஓடாமல் நிற்கும் எஞ்சினுக்கு இந்த நாட்டில் பேர் உண்டு, ஊர் உண்டு, பிறந்த வருசம் உண்டு. அதை ஓடவைத்த கைகளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. பழைய நீராவி எஞ்சின்களைத் துடைத்து, வர்ணம் பூசி, மக்கள் பார்வைக்கு நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைப் பாதுகாக்கிறோம், எதைக் கழித்துவிட்டுப் பாதுகாக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

அதிலும் சின்ன எஞ்சின்களைப் பற்றித்தான் பேச வருகிறேன். நாம் இன்று ஏறிப்போகும் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஐந்தரை அடி இடைவெளி. மீட்டர் கேஜில் ஒரு மீட்டர். ஊட்டி மலை ரயில் அந்த மீட்டர் கேஜ்தான். அதற்கும் கீழே இரண்டரை அடி, இரண்டடி என்று பாதைகள் உண்டு. நேரோ கேஜ் என்பார்கள். மலையிலும் வறண்ட பூமியிலும், செலவைக் குறைத்துப் போட்ட பாதைகள் இவை. அவற்றில் ஓடிய எஞ்சின்கள் பார்ப்பதற்குப் பொம்மை மாதிரி இருக்கும். அதனாலேயே காட்சிக்கு வைக்கத் தோதானவை. குழந்தைகள் ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்கும்.

சில வருசங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்காக டெல்லி போயிருந்தேன். கூட்டம் முடிந்து அரைநாள் மிச்சமிருந்தது. சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1977ல் திறக்கப்பட்ட இடம் அது. அங்கே டார்ஜிலிங் மலை ரயிலில் ஓடிய 'பி' வகை எஞ்சின் ஒன்று நிற்கிறது. எண் 777. ஆளுயரத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நாலு சக்கரம். முதுகில் தண்ணீர்த் தொட்டி. அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டார்ஜிலிங் பாதை 1879ல் தொடங்கி 1881ல் கட்டி முடிந்தது. இரண்டடிப் பாதை. சமவெளியில் கிளம்பி, வளைந்தும் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஏறியும், கூம் என்கிற நிலையத்தில் ஏழாயிரத்து நானூறு அடி உயரத்தைத் தொடும். 1999ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பாதைக்காகச் செய்யப்பட்ட 'பி' வகை எஞ்சின்கள் மொத்தம் 34. பெரும்பாலானவை பிரிட்டனில் செய்தவை. மூன்று அமெரிக்காவில் பால்டுவின் கம்பெனி செய்தவை. இன்னும் மூன்று அந்த ரயிலின் சொந்தப் பட்டறையான திந்தாரியாவிலேயே, மலையிலேயே, நம் தொழிலாளர்கள் செய்தவை. வெள்ளைக்காரன்தான் எஞ்சின் செய்தான் என்று பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இந்த எஞ்சின் மலையேற டிரைவரும் ஃபயர்மேனும் மட்டும் போதாது. கரி எஞ்சினின் முன்பக்கத்தில்தான் குவிந்திருக்கும். அந்தக் கரிக்குவியல் மேலேயே ஒரு ஆள் உட்கார்ந்து, சம்மட்டியால் கட்டிக்கரியை உடைத்து உடைத்து ஃபயர்மேன் கைக்குத் தள்ளவேண்டும். இது இல்லாமல் இன்னும் இரண்டு பேர். அவர்கள் எஞ்சினுக்கு முன்னால், மூக்கு நுனியில், வலப்பக்கம் ஒருவர் இடப்பக்கம் ஒருவராக உட்கார்ந்து வருவார்கள். மலையில் எப்போதும் பனி, மழை. தண்டவாளம் ஈரமானால் சக்கரம் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். வழுக்கும்போதெல்லாம் இவர்கள் கையால் மணலை அள்ளி அள்ளித் தண்டவாளத்தின் மேல் தூவவேண்டும். மணல் விழுந்தால்தான் சக்கரத்துக்குப் பிடிமானம். பிடிமானம் கிடைத்தால்தான் வண்டி ஏறும்.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. பின்னால் பெட்டியில் துரைகளும் துரைசானிகளும் மலைக்காற்று வாங்கப் போகிறார்கள். முன்னால் இரண்டு மனுசர்கள் மழையிலும் குளிரிலும், முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் பாய்லரோடு, கையில் மணலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எஞ்சினுக்கும் முன்னால் போனவர்கள் இவர்கள். வரலாற்றில் மட்டும் எல்லாருக்கும் பின்னால்.

இப்படிக் காட்சிக்கு நிற்கும் எஞ்சின்கள் முன்னால் நான் படித்த பலகைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். செய்த கம்பெனி, செய்த வருசம், சக்கரங்களின் எண்ணிக்கை, எடை, ஓடிய பாதை, ஓய்வுபெற்ற வருசம். ஓய்வு என்கிற சொல்லை எஞ்சினுக்குத்தான் எழுதுகிறார்கள்.

எஞ்சின்களை நேசிக்கிறவர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் விடாமல் தேடி எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. டார்ஜிலிங் எஞ்சின்களில் 19ஆம் எண் கொண்டது ஒன்று உண்டு. 1889ல் செய்தது. 1962ல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டுக் கப்பலேறியது. நாற்பது வருசம் கழித்து இங்கிலாந்துக்குப் போய், பழுது பார்க்கப்பட்டு மறுபடியும் ஓடியது. ஒரு எஞ்சினின் வாழ்க்கை வரலாறு எப்படி எழுதப்பட்டிருக்கிறது பாருங்கள்! எந்தக் கடலைத் தாண்டியது, யார் கைக்குப் போனது என்பது வரைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் என் பூட்டன் பிறந்த வருசம் யாருக்கும் தெரியாது. செத்த வருசமும் தெரியாது. அவர் ரயில்பாதையில் கூலி வேலை செய்தார் என்பது மட்டும் தெரியும். அதையும் சொன்னவள் எங்கள் ஆயா.

எங்களுக்குத் தருமபுரிப் பக்கம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் இரண்டரை அடிப் பாதை போட்டார்கள். 1913ல் அது ஓசூர் வரைக்கும் போனது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1905ல், திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இதே அளவில் இன்னொரு பாதை. கிருஷ்ணகிரிப் பாதையை 1936ல் மூடிவிட்டார்கள். ஓசூர்ப் பாதையை 1941ல் மூடினார்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளைகளிடம் இங்கே ஒரு சின்ன ரயில் ஓடியது என்று சொன்னால் கதை விடுகிறோம் என்று நினைக்கும்.

இந்தப் பாதைகளை ஏன் போட்டார்கள் என்பதுதான் முக்கியம். இவை பஞ்சக் காப்புப் பாதைகள். 1876லிருந்து 78 வரைக்கும் அடித்த தாது வருசப் பஞ்சத்தில் சேலம் சீமை சுடுகாடானது. நிலமில்லாத கூலிகளும் சேரி சனங்களும்தான் முதலில் செத்தார்கள். உயிரோடு இருந்தவர்களை நிவாரண வேலை என்று மண் சுமக்கவும் கல் உடைக்கவும் விட்டார்கள். 1877ல் ரிச்சர்டு டெம்பிள் என்கிற அதிகாரி, நாளெல்லாம் உழைக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கணக்குப் போட்டார். பொம்பளைக்கும் பிள்ளைக்கும் அதற்கும் கீழே. அதன் பிறகு 1880ல் பஞ்சக் கமிஷன் உட்கார்ந்து, ரயில்பாதை இருந்தால் தானியம் சீக்கிரம் வந்து சேரும் என்று சிபாரிசு செய்தது. அந்தச் சிந்தனையில் முளைத்தவைதான் எங்கள் பக்கத்துச் சின்ன ரயில்கள். அதாவது எங்கள் முன்னோர்களின் சாவு அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிறது. சும்மா பேச்சுக்காகச் சொல்லவில்லை. பாதை போட்டதற்கான காரணமே அந்தச் சாவுதான்.

ஆயாவின் அப்பன்தான் என் பூட்டன். அந்தப் பாதையில் கேங் கூலி. ரயில் நின்றபோது ஆயாவுக்குப் பத்து வயசுக்குள் இருக்கும். சாகிற வரைக்கும் அந்த ரயிலைப் பற்றிப் பேசுவாள். "மெதுவாத்தான் போவும் கண்ணு. ஏத்தத்துல மூச்சு வாங்கும் பாரு, கெழவன் மாதிரி. சாம்பலக் கொட்டற எடத்துக்கு நாங்க புள்ளைங்கல்லாம் கூடையோட ஓடுவோம். வேகாத கரியா பொறுக்கினு வந்தா ஒரு வாரத்துக்கு அடுப்பெரியும்."

இன்னொன்றும் சொல்வாள். எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க ஒரு தொட்டி இருந்ததாம். எஞ்சின் வயிறு நிறைந்ததும் குழாயில் மிச்சத் தண்ணி கொஞ்சநேரம் கொட்டும். அதைப் பிடிக்கச் சேரிப் பொம்பளைகள் குடத்தோடு காத்திருப்பார்கள். ஊர்க் கிணற்றில் எங்கள் சனம் கயிறு விடமுடியாது. யாராவது மனசு வைத்து ஊற்றினால்தான் உண்டு. "எஞ்சினு தண்ணி குடிச்சா எங்களுக்குத் தீட்டு ஒட்டாது கண்ணு. அது குடிச்ச மிச்சத்த நாங்க குடிச்சோம்." இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆயா இப்போது இல்லை. இந்தத் தண்ணீர்க் கதையை எந்தப் பலகையில் எழுதுவார்கள்?

பழைய ரயில் என்றதும் சிலருக்கு விடுமுறையும் ஜன்னலோர சீட்டும் ஞாபகம் வரும். எங்கள் மாவட்டத்தில் எங்கள் சனத்துக்குத் தண்டவாளம் என்றாலே வேறொன்று ஞாபகம் வரும். 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை எரித்தார்கள். ஒரு தலித் பையனும் சாதி இந்துப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2013 ஜூலை 4ஆம் தேதி அந்தப் பையன் இளவரசனின் உடல் தருமபுரியில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. இரும்புப் பாதைக்கு எங்களிடம் இப்படியும் ஒரு நினைவு இருக்கிறது. அழகான நினைவுகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பாரம்பரியம் என்று பேர் வைத்தால் எங்களுடையதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எங்கள் காலனியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெரியப்பா என்று கூப்பிடுவோம். நீராவி எஞ்சின் ஷெட் ஒன்றில் கலாசியாகச் சேர்ந்து அந்த வேலையிலேயே ரிட்டயர் ஆனவர். அவர் பார்த்தது மீட்டர் கேஜ் எஞ்சின்கள். அளவில் பெரியவை, ஆனால் கலாசி வேலை எல்லா எஞ்சினுக்கும் ஒன்றுதான். டெல்லியில் பார்த்த எஞ்சினைப் பற்றி அவரிடம் சொன்னேன். போட்டோவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பளபளன்னு வெச்சிருக்கானுங்க. உள்ளார இருக்கற சாம்பல எடுத்தானுங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "நெருப்ப எறக்கறதுன்னா இன்னான்னு தெரியுமா கண்ணு? வண்டி ஷெட்டுக்கு வந்ததும் கீழ குழியில எறங்கி நிக்கணும். மேல இருந்து சாம்பலும் கங்குமா கொட்டும். வாரிப் போடணும். உள்ள வேல இருந்தா பயர்பாக்ஸ் முழுசா ஆறறதுக்கு முந்தியே நொழையணும். சாக்கத் தண்ணியில முக்கி மேல போட்டுக்கினு போவோம். டிரைவருக்கு எஞ்சினோட மூஞ்சி தெரியும். எனக்கு அதோட வயிறு தெரியும். சாம்பல உள்ளயே உட்டுட்டு ஈரம் பட்டுச்சின்னா இரும்பத் தின்னுரும். மேல எத்தினி கோட்டு பெயிண்ட் அடிச்சாலும் உள்ள ஓட்டையாயிடும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. கரிச்சாம்பலில் கந்தகம் இருக்கிறது. மழைத்தண்ணீர் புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கினால் அந்தச் சாம்பல் அமிலமாக மாறி இரும்பை அரிக்கும். அதனால் எஞ்சினைக் காட்சிக்கு நிறுத்தும் முன் சாம்பலைச் சுத்தமாக வாரவேண்டும். பாய்லரிலும் தொட்டியிலும் தண்ணீரை ஒட்ட வடித்துவிடவேண்டும். புகைபோக்கிக்கு மூடி போடவேண்டும். முடிந்தால் மேலே கூரை வேண்டும். வெயிலிலும் மழையிலும் மேடைகட்டி நிறுத்திவிட்டு, விழாவுக்கு விழா பெயிண்ட் மட்டும் அடித்தால் அது பாதுகாப்பு அல்ல, மெதுவாகச் சாகவிடுவது. பழைய பாய்லர்களில் வெளித்தகட்டுக்கு உள்ளே சூடு வெளியேறாமலிருக்கக் கல்நார் சுற்றியிருப்பார்கள். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதை உரிப்பதற்கு முகமூடியும் உடையும் பயிற்சியும் தேவை. முகமூடி இல்லாமல் அதை உரிக்கச் சொல்லி இந்த நாட்டில் எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

பெரியப்பா வேலை பார்த்த ஷெட்டில் குடிதண்ணீர்ப் பானை இரண்டு இருந்ததாம். குழியில் இறங்குகிறவர்களுக்குத் தனிப் பானை. யாரும் எழுதிப் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். கலாசியாகச் சேர்ந்தவர்கள் ஃபயர்மேனாகி, டிரைவராகி மேலே போனதுண்டு. "என்கூடச் சேந்தவங்க பத்து பேரு எஞ்சின் மேல ஏறிட்டாங்க. நானு கீழயே நின்னேன்" என்றார். ஏன் பெரியப்பா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அவர் சொல்லாத பதிலை 1938லேயே பாபாசாகேப் அம்பேத்கர் சொல்லிவிட்டார். அந்த வருசம் பிப்ரவரியில், மன்மாட் என்கிற ரயில்வே ஊரில், கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தீண்டப்படாத தொழிலாளர்கள் மாநாடு கூட்டினார்கள். அங்கே அவர் பேசியது நம் சங்கங்கள் எல்லாம் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டிய பேச்சு. தீண்டப்படாதவன் கேங்மேனாகச் சேர்ந்தால் கேங்மேனாகவே சாகிறான் என்றார். போர்ட்டர் ஆகமுடியாது, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்யவேண்டும், சாதி இந்து ஸ்டேஷன் மாஸ்டர் அவனை வீட்டுக்குள் விடமாட்டான். ரயில்வே பட்டறையிலும் அவனை மேஸ்திரி ஆகவிடுவது அபூர்வம் என்று எடுத்துக்காட்டினார். தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள், ஒன்று பார்ப்பனியம், இன்னொன்று முதலாளித்துவம் என்று அவர் சொன்னது அந்த மேடையில்தான். ஆக ரயில்வேக்குள் சாதி எப்படி வேலை செய்தது என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது. அருங்காட்சியகச் சுவரில் மாட்டத்தான் ஆள் இல்லை.

ஒரு தம்பி என்னோடு சண்டை போட்டான். "நமக்கு எதுக்குக்கா வெள்ளக்காரன் எஞ்சின்? குடிக்கத் தண்ணி இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. இரும்ப எடைக்குப் போட்டுட்டுப் போவட்டும்" என்றான். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரும்பை எடைக்குப் போட்டால் யாருடைய சாட்சியம் அழியும்? கம்பெனிக்காரனுடைய கணக்குப் புத்தகம் லண்டனிலும் கிளாஸ்கோவிலும் பத்திரமாக இருக்கும். நம் பூட்டன்களுக்குப் புத்தகம் கிடையாது. அவர்கள் சாம்பல் வாரிய குழியும், நசுங்கிய மணல் பெட்டியும், தேய்ந்த மண்வெட்டியும்தான் புத்தகம். எங்கள் பக்கத்துச் சின்ன ரயில் மொத்தமாக அழிந்துபோனதால் ஆயாவின் வாயைத் தவிர எனக்கு வேறு ஆதாரமே இல்லாமல் போயிற்று. அழிந்தால் நட்டம் நமக்குத்தான்.

அதனால் என் கோரிக்கை இதுதான். எஞ்சினை வையுங்கள். அதன் பக்கத்தில் மணல் தூவியவர் உட்கார்ந்த இடத்தைக் காட்டுங்கள். கரி உடைத்த சம்மட்டியை வையுங்கள். சாம்பல் குழியை மூடித் தோட்டம் போடாதீர்கள், அதையும் காட்சியில் சேருங்கள். பலகையில் கம்பெனியின் பேருக்குக் கீழே, இந்த எஞ்சினை ஓட்ட எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், யார் எந்த வேலை செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று எழுதுங்கள். பாதை பஞ்சத்துக்காகப் போட்டதென்றால் பஞ்சம் என்று எழுதுங்கள். சம்பளப் பட்டியல்களும் பணிப் பதிவேடுகளும் எங்காவது ஒரு ரெக்கார்டு ரூமில் செல்லரித்துக் கிடக்கும். எஞ்சினின் துருவைத் துடைக்கும் கை அதையும் கொஞ்சம் தூசி தட்டட்டும்.

இதை அவர்களாகச் செய்யமாட்டார்கள். நாம் கேட்கவேண்டும். கேட்பதற்கு முன்னால் நாம் செய்யவேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் புது நீராவி எஞ்சின் செய்வதை 1972ல் நிறுத்தினார்கள். 1990களின் கடைசியில், மலை ரயில்கள் தவிர, ஓட்டுவதும் அநேகமாக நின்றுபோனது. 1970களில் கலாசியாகவும் கேங்மேனாகவும் சேர்ந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். நம் காலனிகளில், நம் சொந்தத்தில், திண்ணையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவர்கள் ஆளுக்கு ஒருவரைப் போய்ப் பாருங்கள். எந்த வேலை, எத்தனை ரூபாய், எந்தப் பானையில் தண்ணீர், என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எந்தக் கருவியைக் கையில் கொடுத்தார்கள், யார் மேலே ஏறினார்கள், யார் கீழேயே நின்றார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள்.

எஞ்சின் இன்னும் நூறு வருசம் நிற்கும். இரும்புக்கு அவசரமில்லை. பெரியப்பாவுக்கு இந்த மழைக்காலத்தில் மூச்சுத்திணறல் அதிகமாகியிருக்கிறது. அவர் பேசியதை இரண்டு நோட்டு எழுதியிருக்கிறேன். மூன்றாவது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.